நடு மேசை

அப்பா,

இன்று காலை பாப்பாவின் கவுனைத் துவைக்க எடுத்தேன். கழுத்தருகே சாம்பார் வாசனை. நம் வீட்டுச் சாம்பார் இல்லை. கொஞ்சம் இனிப்பாக, சின்ன வெங்காயம் மிதக்க, வாளியில் எடுத்துக்கொண்டு வந்து ஊற்றுவார்களே, அந்த ஓட்டல் சாம்பார். சோப்பில் முக்க மனம் வரவில்லை. குழாயடியிலேயே நின்று முகர்ந்துகொண்டிருந்தேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்களுக்கு எழுத வேண்டுமென்று எத்தனையோ தரம் உட்கார்ந்து, எழுந்து போயிருக்கிறேன். இன்றைக்குத்தான் கை ஓடுகிறது.

நேற்று திண்டிவனத்தில் நீங்களும் அம்மாவும் வழக்கமாகப் போகும் ஓட்டலுக்குப் போனோம். நான், என் வீட்டுக்காரர், அம்மா, இரண்டு வயதுப் பாப்பா. என் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஸ்பூனை வெந்நீரில் அலசித் தரச் சொன்னேன். துடைத்த மேசையை மறுபடி துடைக்கச் சொன்னேன். பாப்பா கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று, தோசை வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"நீ ஓட்டலுக்கு வந்தியா, ஆஸ்பத்திரிக்கு வந்தியா?" என்றாள் அம்மா.

உங்களோடு போன நாட்களில் இந்தப் பதற்றமெல்லாம் ஏது? கெடாருக்குப் பக்கத்தில் நம் ஊரில் கூலி வேலை செய்கிற சனத்தில் புருஷனும் பொண்டாட்டியும் ஓட்டலில் சாப்பிடுவதற்கென்றே விழுப்புரத்துக்குப் பஸ் ஏறுவது, நீங்கள் செய்யும்வரை யாரும் செய்யாத காரியம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மண்ணெண்ணெய் போட்டு விரல் இடுக்கில் இருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவுவீர்கள். பஸ் டிப்போ மெக்கானிக்கின் கை அதற்கப்புறமும் முழுசாக வெளுக்காது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வீர்கள். அம்மா பூ வைத்துக்கொண்டு கிளம்பினால் எதிர்வீட்டு அத்தை விடமாட்டாள்.

"இன்னா செல்வி, ஜோடி போட்டுக்கினு கிளம்பிட்டீங்க? ஊட்ல அடுப்பு எரியலயா?"

"எரியுது அத்தே. அதுக்கும் ஒரு நாள் லீவு வேணாமா?" என்பாள் அம்மா, நடந்துகொண்டே.

விழுப்புரத்தில் நாம் போகிற ஓட்டலில் ஒரு ஓரமாகத் திரை போட்ட ஃபேமிலி ரூம் இருந்தது. பொம்பளைகளோடு வருகிறவர்களை சர்வர் நேராக அங்கேதான் அனுப்புவார். நீங்கள் மட்டும் போக மாட்டீர்கள். "மறைஞ்சிக்கினு சாப்புட நாம இன்னா திருடிக்கினா வந்தோம்?" என்று சொல்லி, கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நடு மேசைக்குப் போவீர்கள். அம்மாவுக்குப் பூரி, எனக்கு இட்லி, உங்களுக்கு எப்போதும் ரவா தோசை. "அது லேட்டாவும் சார்" என்பார் சர்வர். "ஆவட்டும். நாங்க பேசிக்கினு இருக்கோம்" என்பீர்கள். லேட்டாகும் என்பதற்காகவே நீங்கள் அதைக் கேட்டீர்கள் என்பது, எனக்குக் கல்யாணமான பிறகுதான் புரிந்தது.

தொண்ணூற்று மூன்றில், நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது நடந்ததை இதுவரை உங்களிடம் நான் பேசியதே இல்லை. அன்றைக்கு நாம் கேட்டதெல்லாம் மேசைக்கு வந்துவிட்டது. நான் இட்லியைப் பிட்டு வாயில் வைத்திருந்தேன். வாசலில் நம் ஊர் நிலத்துக்காரர் இன்னொருவரோடு உள்ளே வந்தார். டிப்போ வேலைக்குச் சேரும்வரை நீங்கள் அவர் வயலில்தான் கூலிக்குப் போனீர்கள். சித்தப்பா அப்போதும் போய்க்கொண்டிருந்தார். அவர் எதிரே நம் சனம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அம்மா சட்டென்று எழுந்துவிட்டாள். யோசித்து எழவில்லை, உடம்பு பழக்கத்தில் எழுந்துகொண்டது. அவளைப் பார்த்து நானும் எழுந்தேன். நீங்கள் எழவில்லை.

அவர் நம் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னாடா, பார்சல் வாங்க வந்தியா?"

எதிரே தட்டுகள் இருந்தன. அவருக்கும் கண் இருந்தது. ஆனாலும் அப்படித்தான் கேட்டார்.

"இல்லீங்க. ஒக்காந்து சாப்புட வந்தோம்."

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. 'ங்க' போட்டுத்தான் பேசினீர்கள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "ஒக்காரு செல்வி. பூரி ஆறிப்போவுது" என்றீர்கள்.

அம்மா உங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சித்தப்பாவின் பிழைப்பு அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்கும். கூடத்தில் பாதிப் பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அம்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சர்வரைக் கூப்பிட்டு, "அண்ணே, கெழங்கு இன்னும் கொஞ்சம் வைங்க" என்றாள். சர்வர் கிழங்கை வைத்த கையோடு நிலத்துக்காரரைப் பார்த்து, "சார், ஃபேமிலி ரூம் காலியா இருக்குது" என்றார். அவர் அங்கே போய்த் திரையை இழுத்து விட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா முகம் இறுகிக் கிடந்தது. "பாத்தியா, கடைசியில அவரு போயி மறைஞ்சிக்கினாரு" என்றீர்கள். அப்போதுதான் சிரித்தாள். சித்தப்பாவை ஒரு வாரம் வேலைக்குக் கூப்பிடவில்லை. வேர்க்கடலை அறுவடை வந்து, மல்லாட்டை பிடுங்க ஆள் பத்தாமல் போனதும் நிலத்துக்காரர் வீட்டிலிருந்தே சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் உட்காராத இடமா? திண்டிவனம் டிப்போவுக்கு மாற்றலான பிறகு புதிதாகத் திறந்த பேக்கரி, பைபாஸ் ஓட்டல் என்று ஒன்றையும் இருவரும் விடவில்லை. என் கல்யாணத்துக்கு அப்புறம் புதுச்சேரிப் பக்கம் பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் காபிக் கடைக்கு எங்களையும் கூட்டிப்போனீர்கள். நுரையில் இலை வரைந்து வந்த காபியில் அம்மா சர்க்கரை போட்டு ஒரு கலக்குக் கலக்க, "அடிப்பாவி, அந்தப் பையன் கஷ்டப்பட்டு வரைஞ்சிக்கினு வந்தான்" என்றீர்கள். பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள்கூட உங்கள் சிரிப்பில் சேர்ந்துகொண்டார்கள்.

கல்லூரியில் என் சிநேகிதிகள் அப்பாவின் வீடு, நிலம் என்று பெருமை பேசுவார்கள். "எங்கப்பா எழுந்திருக்கவே மாட்டார்" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். ஆனால் எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. எங்கே போனாலும் கால் நடுங்குகிறது. பாப்பா பிறந்ததிலிருந்து இன்னும் அதிகம். நான் உங்கள் பெண்தானா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

நேற்று பாப்பா சாம்பார்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். பெரிய சத்தம். நான் எழுந்து நின்று பக்கத்து மேசைக்காரர்களிடம் சாரி சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

"ஒக்காருடி. கொழந்த சாம்பார்தானே கொட்டிச்சி?" என்றாள் அம்மா.

"அப்பா மாதிரி தைரியம் எனக்கு வரலம்மா."

அம்மா சிரித்தாள். "உங்கப்பாவுக்கா? அன்னிக்கி விழுப்புரத்துல மேசைக்கு மேலதான் நீ பாத்த. கீழ அவரு காலு வெடவெடன்னு ஆடிச்சி. என் காலு மேல வெச்சி அமுக்கிக்கினே இருந்தாரு. எழுந்திரிக்க முடியாத நடுக்கம். அந்த ரவா தோசைய ஒரு வாய் தொடல. ராவெல்லாம் தம்பிக்கு வேல போயிடுமோன்னு பொலம்பிக்கினு கெடந்தாரு."

என் வீட்டுக்காரர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் குடிக்கவில்லை.

ஏன் அப்பா இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை? பயம் தெரியாதவர் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! பயம் தெரியாதவர் உட்கார்ந்திருப்பதில் என்ன பெரிய விஷயம்? அவ்வளவு நடுக்கத்தோடு, "ஒக்காந்து சாப்புட வந்தோம்" என்று குரல் பிசகாமல் சொன்னீர்களே, நேற்றிலிருந்து உங்களை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் கால்கள் இப்போதும் நடுங்குகின்றன. நாளைக்கும் நடுங்கும். அது உங்களிடமிருந்து வந்ததுதான் அப்பா. நான் உங்கள் பெண்தான்.