உன் தம்பி கடைக்கு நான் போட்ட பூட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். உன் தம்பியும் சுகம்தான், ஆனால் அதை அவன் வாயால் சொல்லிக் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், உன் கடைவாய்ப் பல் வலி போயிற்றா, இல்லை வழக்கம்போல டாக்டருக்குப் பயந்து ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறாயா. போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொரு வரியையும் திருத்துகிறார், ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதருக்கு நான் பார்த்ததெல்லாம் மங்கலாகப் பார்த்தது என்று நினைப்பு. அவர் கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன், இது முழுக்க என் பக்கத்து நியாயம். உன் அத்தை உன் அப்பா பக்கத்துக் கதையை ஏற்கெனவே உனக்குச் சொல்லி முடித்திருப்பார், பெற்ற பிள்ளையின் கடைக்கே பூட்டுப் போட்டவள் என்று. அதைக் கேட்டுத்தானே நீயும் "ஒரே ஒரு தடவை கண்ண மூடிக்கக் கூடாதாம்மா" என்று செய்தி அனுப்பினாய். கண்ணை மூடிக்கொள்ள எங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே போதுமான ஆள் இருக்கிறார்கள் கண்ணு, அந்தப் பதவி எதுவும் இப்போது காலியில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் நகராட்சியில் எல்லோரும் நேர்மையாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது, இதுவரை விருப்பப்பட்டவர்கள் மட்டும் இருந்தார்கள். புதிதாக வந்த ஆணையருக்கு உன் வயதுதான் இருக்கும், பெண் பிள்ளை, நிமிர்ந்து நடக்கிறாள், வந்ததும் ஊழியர் நன்னடத்தை விதிகள் என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து எல்லோர் கையிலும் திணித்துவிட்டாள். பரிசு வாங்கக்கூடாது, ஆபீஸ் வண்டியில் வீட்டுச் சாமான் ஏற்றக்கூடாது, சொந்தக்காரர் மனு வந்தால் நாம் விலகிக்கொண்டு வேறு அதிகாரி கையில் கொடுத்துவிட வேண்டும், இப்படிப் பக்கம் பக்கமாக. அதற்கு ஒரு நாள் முழுக்க வகுப்பு வேறு. வகுப்பில் ஆளுக்கொரு பையும் பேனாவும் கொடுத்தார்கள், பேனாவைத் திருப்பிப் பார்த்தால் சாலை போடுகிற ஒப்பந்தக்காரரின் கம்பெனிப் பெயர். யாரிடமும் எதுவும் வாங்க மாட்டோம் என்று நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பேனாவால்தான் கையெழுத்துப் போட்டோம். ஆணையர் அதைக் கவனித்தபோது முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். உடனே திரும்ப வாங்கச் சொன்னாள், பாதிப் பேனாதான் திரும்பியது. வாசலில் இங்கே பரிசுப் பொருட்கள் பெறப்படுவதில்லை என்று பலகை மாட்டினோம், மறுநாளே ஒரு பெரியவர் வந்து "அப்ப பணமாவே குடுத்துடலாமா" என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார். நம் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, எப்போதும் வந்து சரிசெய்கிற நகராட்சிப் பிளம்பர் இந்தத் தடவை வாசற்படியோடு நின்று "நான் உள்ள வந்தா அது அதிகார துஷ்பிரயோகம் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான், அதனால் வாளி வைத்திருக்கிறோம்.

உன் தம்பி வேலையை விட்டுவிட்டு ரொட்டிக் கடை வைக்கப்போகிறான் என்பதுதான் உனக்குத் தெரியுமே. அவன் விழுந்து விழுந்து உழைத்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன், அடுப்பு பொருத்தியது, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது எல்லாம் அவன் கையால். பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் அவனுக்குச் சாப்பாடு கொண்டு போனபோது காஸ் சிலிண்டர்களை எங்கே அடுக்கியிருக்கிறான் என்று பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில். அந்த மாடியில் ஒரு தையல்காரம்மா தன் இரண்டு குழந்தைகளோடு குடியிருக்கிறாள், மேலே போக வர அந்த ஒரே படிதான். பின்கட்டுக்கு மாற்றுடா என்றேன், திறப்பு முடியட்டும்மா என்றான், திரும்பச் சொன்னேன், ஆபீஸை ஆபீஸிலேயே விட்டுட்டு வா என்றான். நான் சொன்னால் அது அம்மாவின் தொணதொணப்பு. கடைகளுக்கு உரிமம் கொடுக்கிற பிரிவில் வேலை பார்த்து என்ன பயன், என் வீட்டில் எனக்கு அந்த மரியாதைதான். அவன் மனு என் மேஜைக்கு வந்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், விதிப்படி விலகிக்கொள்கிறேன் என்று எழுதி எதிர் மேஜைக்குத் தள்ளிவிட்டேன். அவர் போய்ப் பார்ப்பார், இதை மாற்று என்று எழுதுவார், அரசாங்கம் சொன்னால் பயல் கேட்பான் என்று கணக்குப் போட்டேன்.

எதிர் மேஜைக்காரரை உனக்குத் தெரியும், தலையாட்டி. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார், முடியாது என்று சொல்வதாக இருந்தாலும் ஆட்டிக்கொண்டேதான் சொல்வார். நான் மனுவைத் தள்ளிய மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் உன் தம்பியின் உரிமம். போய்ப் பார்த்தீங்களா என்று கேட்டேன். "அக்கா, தம்பி நம்ம வீட்டுப் புள்ள, நான் போய்ப் பாக்கணுமா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார் மனிதர். உன் தம்பி துள்ளிக் குதித்தான், உன் அப்பா அவருக்குக் காபி கொடுத்தார், எனக்கு மட்டும் காபி இறங்கவில்லை. அவர் போனதும் சிலிண்டரை மாற்றுடா என்று மறுபடியும் ஆரம்பித்தேன், அவன் அந்தக் காகிதத்தை என் மூக்குக்கு நேரே ஆட்டி "கவர்மென்ட்டே ஓகே சொல்லிடுச்சு, உனக்கு என்னம்மா" என்றான். நான் போட்ட கணக்கு எனக்கே திரும்பி வந்து அடித்தது பார்.

அந்த வாரமே என் மேஜைக்கு ஒரு மனு வந்தது, வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற விடுதி. மேலே தலையாட்டியின் அழகான கையெழுத்தில், இது என் மனைவியின் தம்பி நடத்துவது, ஆகவே விதிப்படி நான் விலகிக்கொள்கிறேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது கண்ணு. முன்பெல்லாம் அவரவர் சொந்தக்காரருக்கு அவரவர் கையெழுத்துப் போடுவார்கள், பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். இப்போது புத்தகம் வந்த பிறகு என் பிள்ளையை நீ பார்த்துக்கொள், உன் மச்சானை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சுத்தமாக, சட்டப்படி, மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். மற்ற பிரிவுகளிலும் இதே கூத்துதான், அதற்கு விலகல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பழக்க தோஷத்தில் அந்த விடுதியை நேரில் போய்ப் பார்த்தேன். பின்பக்கக் கதவுக்கு ஆணி அடித்து, அதன் மேல் ஒரு பெரிய அலமாரியைச் சாய்த்து வைத்திருக்கிறார் மச்சான், பிள்ளைகள் சொல்லாமல் வெளியே போய்விடக்கூடாதாம். ஏதாவது ஆனால் எப்படிப் போவார்கள் என்றேன், ஒன்றும் ஆகாது மேடம் என்றார். திரும்பி வந்து முடியாது என்று எழுதப் பேனாவை எடுத்தேன், எதிரே தலையாட்டி தலையை ஆட்டிக்கொண்டு "தம்பிக்கு நான் ஒண்ணும் பாக்கல இல்லக்கா" என்றார். மிரட்டலாகக்கூட இல்லை, அவ்வளவு பாசமாகச் சொன்னார். நான் கேட்காமலே கொடுத்த உதவி என் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. விடுதியை மறுத்தால் உன் தம்பி கடையின் கதை வெளியே வரும், ஒப்புக்கொண்டால் அந்தப் பெண்கள் ஆணி அடித்த கதவுக்கு உள்ளே.

இரண்டு கோப்புகளையும் எடுத்துக்கொண்டு நேராக ஆணையர் அறைக்குப் போனேன். விடுதியை மறுத்திருக்கிறேன் என்றேன், கூடவே இந்த ரொட்டிக் கடையைப் பார்க்காமலே உரிமம் கொடுத்திருக்கிறோம், நிறுத்தி வையுங்கள் என்றேன். அவள் கடைக்காரரின் பெயரைப் படித்துவிட்டு "மேடம், இது உங்க பையன் இல்ல?" என்றாள். ஆமாம், அதனால்தான் எனக்கு எங்கே இடிக்கிறது என்று தெரியும் என்றேன். முறைப்படி புகாராகக் கொடுக்க வேண்டுமாம், எழுத்தர் மும்முரமாக எழுதிக்கொண்டே புகார் கொடுப்பவருக்கும் கடைக்காரருக்கும் முன்பகை ஏதாவது உண்டா என்று கேட்டார். பெற்றவள் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆணையரே நேரில் வந்தாள். திறப்புக்கு முந்தின நாள், பலூன் எல்லாம் கட்டியாகிவிட்டது, உன் தம்பி என்னைப் பார்த்த பார்வையை நான் உனக்கு எழுத மாட்டேன். அந்தப் பெண் பிள்ளை நல்ல உடையோடு படிக்கு அடியில் குனிந்து போய், தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தாள். மேலே பார்த்துத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு, நீங்கள் இறங்கி வர வேறு வழி உண்டா என்று கேட்டாள். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு "வேற வழி ஏதுங்க, இறங்கினா இதுதான்" என்றாள், கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்டவருக்கு வழி சொல்வது மாதிரி சொன்னாள். உன் தம்பி சிலிண்டர்களையும் படியையும் அந்தக் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனே ஷட்டரை இழுத்து மூடினான், பூட்டை மட்டும் ஆணையர் என்னிடம் நீட்டினாள், நான் போட்டேன், சாட்சிக் கையெழுத்தும் நான்தான். தலையாட்டிக்கு மெமோ. எனக்கும் ஒரு மெமோ, தெரிந்தும் வீட்டுக்குள் வாயால் முனகிக்கொண்டிருந்தீர்களே, அன்றைக்கே ஏன் எழுத்தில் தரவில்லை என்று. பிரிவில் இருப்பதே இரண்டு ஆய்வாளர்கள், இரண்டு பேரும் மெமோ வாங்கினோம், அந்த வகையில் பாரபட்சம் கிடையாது.

வீட்டில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய், எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. உன் தம்பி ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு "அப்பா, உப்ப நகத்தச் சொல்லுங்க" என்பான். உன் அப்பா அவன் சொன்னதை அப்படியே என்னிடம் திருப்பிச் சொல்வார், இவ்வளவு வருஷத்தில் அந்த மனிதர் இவ்வளவு கடமை உணர்ச்சியோடு ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் அவரே "ஊருக்கு நல்ல ஆபீசர் கெடச்சிட்டா, என் புள்ளைக்குத்தான் அம்மா இல்ல" என்றார். அது வலித்தது கண்ணு, இன்னும் வலிக்கிறது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், மூடியிருந்தாலும் அது ஒழுகிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் அவன் மறுநாளிலிருந்து பின்கட்டில் கம்பி வலை அடித்துச் சிலிண்டருக்குத் தனிக்கூண்டு கட்டியதையும் பார்த்தேன், நான் அந்தப் பக்கம் போனால் சுத்தியலைக் கொஞ்சம் பலமாக அடிப்பான். ஆணையர் திரும்ப வந்து பார்த்து உரிமத்தைக் கொடுத்தாள். விடுதியிலும் ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை தலையாட்டிதான். என் மேல் உள்ள கோபத்தில் இப்போது எல்லாக் கடைக்கும் நேரில் போகிறார், டார்ச் அடித்துப் பார்க்கிறார், வாசற்கதவை அளக்கிறார், தலையை ஆட்டுவதே இல்லை. ஆணையரின் புத்தகத்தால் முடியாததை என் மேல் இருக்கிற எரிச்சல் செய்துவிட்டது, அவர் மனசு மாறாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். உன் தம்பி கடைப் பெயர்ப்பலகைக்கு அனுமதி கேட்டிருக்கிறான், அது அவரிடம்தான் இருக்கிறது, நாடாவை எடுத்துக்கொண்டு அளக்கப் போகிறார், ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பக்கம் நீளமாக இருக்கிறது.

கடை திறந்த அன்று எனக்கு அழைப்பில்லை. அழைக்காவிட்டால் என்ன, கடை என்றால் யாரும் போகலாமே, போய் வரிசையில் நின்றேன். ஒரு பன் கேட்டேன். விலையைச் சொன்னான், அத்தனை நாளில் அவன் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். காசை வாங்கிக்கொண்டு பையை நீட்டினான், அடுத்து யாரு என்றான். வெளியே வந்து பையைப் பிரித்தால் உள்ளே இரண்டு. ஆனால் என் புத்தி போகிற போக்கைப் பார், புத்தகத்தில் அந்தப் பக்கம் கண்ணில் வந்து நின்றது: இரத்த சொந்தம் கொடுப்பதை வாங்கலாம், அந்தச் சொந்தத்தின் மனு நம் பிரிவில் நிலுவையில் இருந்தால் வாங்கக்கூடாது. பெயர்ப்பலகை மனு இருக்கிறதே. திரும்பிப் போய் வரிசைக்கு முன்னால் நின்று இரண்டாவது பன்னை மேஜையில் வைத்தேன். "ஐயோ அம்மா, இது லஞ்சம் இல்லம்மா, பன்னும்மா" என்று கத்தினான், கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அவன் அம்மா என்றதையே கேட்டுக்கொண்டு நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு அந்தப் பன்னை எடுத்துப் பின்னால் தட்டில் வைத்து "சரி, போர்டுக்கு பர்மிஷன் வர்ற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்" என்றான். இப்போது தினமும் காலையில் முதல் பன்னை எனக்கென்று எடுத்து அந்தத் தட்டில் வைக்கிறானாம், சாயங்காலம் கடை மூடும்போது அது மாடிக் குழந்தைகளுக்குப் போகிறது. தலையாட்டி நிதானமாகவே அளக்கட்டும், எனக்கு அவசரமில்லை. எடுத்து வைக்கிறான் அல்லவா, அதைச் சாப்பிட்ட மாதிரிதான்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பல் டாக்டரிடம் போ. தம்பிக்குப் போன் செய்தால் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தையும் சொல்லிவிடாதே, மனு நிலுவையில் இருக்கும்போது அது சிபாரிசில் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு மெமோவுக்கும் சொந்தக்காரியான
உன் அம்மா.