காராமணிச் சாறு

மரக்காணம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கிறிஸ்டிக்கு அம்மா ஆனந்தம்மாள் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். இங்கே நலம் இல்லை, அதனால் பாதியை விட்டுவிட்டேன். நீயாவது நன்றாக இரு.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வீட்டில் இருக்கும் ஒரே போன் உன் அப்பாவின் சட்டைப் பையில். நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைக்கிறார். பக்கத்து வீட்டு முத்தம்மாள் போனை வாங்கிப் பேசலாம் என்றால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும். அதனால் எழுதிக் கூரியரில் போடுகிறேன்.

அப்பா டயாலிசிஸ் போவதை நிறுத்திவிட்டார். போன வாரமும் போகவில்லை, இந்த வாரமும் போகவில்லை. டயாலிசிஸ் போய் வந்தேன் என்று உன்னிடம் சொல்வதெல்லாம் பச்சைப் பொய். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார்.

காரணம் கேட்டால் கோபப்படுவாய். நீ ஆராய்ச்சி பண்ணுகிறாயே, அந்த யூரைடுதான் காரணம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், ரத்தத்தில் யூரியா ஏறிவிட்டது என்றார் இல்லையா. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். உப்பளத்து வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உப்பு வாரி வாரிக் கிட்னி கெட்டது என்று அதே டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை. நெல்லுக்கு வெறுங்கையால் இறைத்த யூரியா நகக்கண் வழியாக உள்ளே போய்விட்டதாம். அனுமந்தையிலிருந்து பார்க்க வந்த உன் சித்தப்பா ஆல்பர்ட்டும், இருக்கும்ண்ணே என்று தலையாட்டிவிட்டுப் போனார். நல்ல அண்ணன், நல்ல தம்பி.

கிறிஸ்துமஸ் லீவில் நம் நிலத்தில் தேடித் தேடி ஒரு காராமணிச் செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளி, உள்ளே இருந்த சிவப்பைக் காட்டினாய். காற்றில் இருக்கும் தழைச்சத்தை இந்த முடிச்சு பிடித்து யூரைடு ஆக்குகிறது, அது தண்ணீரோடு தண்டில் ஏறி இலைக்குப் போகிறது, இலை அதை உடைத்துக் காய்க்குக் கொடுக்கிறது என்றாய். தண்டை வெட்டி வடிந்த சாற்றை நீ பிடித்தபோது குப்பியை ஏந்திக்கொண்டிருந்தவர் அப்பாதான். அப்போது இன்னொன்றும் சொன்னாய். யூரிக் அமிலத்தை அதற்கு மேல் உடைக்கும் நொதி செடிக்கு இருக்கிறது, மனுசனுக்கு இல்லை என்று.

யூரைடோ, யூரியாவோ, யூரிக் அமிலமோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். நம்மகிட்ட இல்லாதது செடிகிட்ட இருக்குதுன்னு எம்பொண்ணே சொல்லிட்டா, அப்புறம் மிஷினு எதுக்கு என்கிறார். தினமும் காலையில் காராமணி இலையை அரைத்து ஒரு சொம்பு குடிக்கிறார். மத்தியானம் காராமணிக் குழம்பு. இலையும் பயறும் இப்படிச் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் இதயம் நின்றுவிடும் என்று நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அதைச் சொன்னால், அந்தப் பொண்ணு என்ன படிச்சிருக்குது, எம்பொண்ணு டாக்டர் பட்டமே வாங்கப் போவுது என்று வாயை அடைக்கிறார்.

பங்குச் சாமியாரை அழைத்து வந்தேன். சாமியாருக்கும் வேர் முடிச்சுப் பாடம் நடந்தது. பாவம், கேட்டுவிட்டு ஜெபம் பண்ணிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. உன்னை நினைத்து இந்த மனுசனுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

நீ அது வேறு இது வேறு என்று விளக்கினால் வேலைக்கு ஆகாது. இன்னும் நாலு வார்த்தையைப் பிடித்துக்கொள்வார். அவர் கேட்கக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் என்னிடம் மட்டும் சொன்னாயே, அதுதான். கழுவெளி ஏரிப் பக்கம் நம் நிலத்தில் உப்பு ஏறிவிட்டது, செடியால் யூரைடை உடைக்க முடியாமல் அது இலையிலேயே தேங்கிக் கிடக்கிறது, முடிச்செல்லாம் வெளுத்து வேலையை நிறுத்திக்கொண்டிருக்கிறது, இனி அங்கே ஒன்றும் விளையாது என்றாய். அப்பாகிட்ட சொல்லிடாதம்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். இதுவரை நான் மூச்சு விடவில்லை.

இப்போது நீயே சொல்லிவிடு கண்ணு. அந்தச் செடிக்கே தன்னுடையதை உடைக்க வக்கில்லை, உங்களுடையதை எங்கே உடைக்கப் போகிறது என்று கேள். அது அவருக்குப் புரியும். நான் சொன்னால், எட்டாங்கிளாஸ் உனக்கென்ன தெரியும் என்பார்.

அதைக் கேட்டு என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இனி உப்பு முகத்தில் முழிக்கக் கூடாது என்றுதான் உப்பளத்திலேயே கிடந்து உழைத்து அந்த நிலத்தை வாங்கினார். உன் படிப்புக்குக் கூட அதை விற்க மனசு வரவில்லை. இடிந்துதான் போவார். நம்மோடு பேசாமல் கிடப்பார். கிடக்கட்டும். நிலம் இல்லாத மனுசனோடு நான் குடித்தனம் பண்ணிக்கொள்கிறேன்.

கடிதம் கைக்கு வந்த உடனே கூப்பிடு, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருந்துவிடாதே. அழாமல் சொல்லு. நீ அழுதால் உன்னைத் தேற்றுவதற்காக, இருக்கிற விளைச்சல் போதும்டா என்று சிரித்துவிட்டு மறுபடியும் இலை பறிக்கக் கிளம்பிவிடுவார்.

மாதா உன் நாக்குக்குத் தைரியம் கொடுக்கட்டும். உன்னைப் பெற்றவருக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
போன் மணி அடிக்கக் காத்திருக்கும்
உன் அம்மா