கறுப்பு நாடாப் பாதை

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

நானும் நம் வாலுப் பெண்ணும் சௌக்கியம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருட வேலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்று போனில் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் இழுத்தேன். முதலில் நம் மூன்றாம் வகுப்பு இன்ஜினியரின் கதையைக் கேள்.

பள்ளியில் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யக் கற்றுத்தருகிறார்கள். உள்ளங்கை அளவு வண்டி. அடியில் உள்ள சென்சார் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடும். எங்கே திரும்புவது, எங்கே நிற்பது என்ற கட்டளைகளைப் பிள்ளைகளே கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். கோட்டின் முனையைத் தங்களுக்குப் பிடித்த இடமாக வைத்துக்கொண்டு, வண்டி அங்கே போய்த் திரும்பி வரச் செய்ய வேண்டும். கோடு போட்டுத் தருவது பெற்றோர் பொறுப்பு. மற்றவர்கள் அட்டையில் டேப் ஒட்டினார்கள். தையல்காரன் நான் சும்மா இருப்பேனா? வெள்ளைத் துணியில் கறுப்பு சாட்டின் ரிப்பனைச் சுருக்கமே விழாமல் தைத்துக் கொடுத்தேன்.

வண்டி அசையவே இல்லை. பாவம், தன் கட்டளைகளில்தான் தப்பு என்று தேடித் தேடி அழுதாள். கடைசியில் பார்த்தால், ரிப்பனின் பளபளப்பில் சென்சாருக்குக் கறுப்பே வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. அழகா இருந்தா போதுமாப்பா, அதுக்குக் கண்ணு தெரிய வேணாமா என்று என்னை ஒரு பிடி பிடித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்து, சாதாரணக் கறுப்புப் பருத்தி நாடாவைத் தைத்தேன்.

நேற்று பெற்றோர் முன்னால் ஓட்டிக் காட்டினார்கள். நம் வண்டி எந்த வளைவிலும் தடுமாறாமல் போய்க் கோட்டின் முனையில் நின்றது. நின்றது நின்றதுதான். திரும்பி வரக் கட்டளை எழுத மறந்துட்டியா என்று டீச்சர் கேட்டார். மறக்கல டீச்சர், இது அம்மாவோட ஆஸ்பத்திரி, அம்மா எப்ப திரும்பி வருவாங்கன்னு அப்பாகிட்ட கேட்டேன், யோசிச்சு சொல்றேன்னாரு, இன்னும் சொல்லல என்றாள்.

அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. அவள் எப்போது கேட்டாள் என்பதுகூட எனக்கு நினைவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே ஏதோ சொல்லியிருப்பேன்.

இப்போது யோசித்துவிட்டேன். கையெழுத்துப் போடாதே. நீ இல்லாமல் எனக்கும் முடியவில்லை. இத்தனை நாள் வீம்புக்குச் சொல்லாமல் இருந்தேன்.

மிச்சக் கட்டளையை எழுத டீச்சர் அவளுக்கு ஒரு வாரம் கொடுத்திருக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள். நீ வரும் தேதியை மட்டும் ஒரு வரி எழுதிப் போடு, நான் அவளிடம் சொல்ல வேண்டும்.

உன் வரவை எண்ணி,
உன் தையல்காரன்