உரக்கச் சொல்ல வேண்டிய முகவரி

வில்பர்ட்டன், நெப்ராஸ்கா
அக்டோபர் 14

என் கோபக்கார மெர்லுக்கு,

தீவனக் கடை மாடியில் குளிருகிறதா? நன்றாகக் குளிரட்டும்.

நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார எனக்கு அழைப்பு வந்தது. இந்த வருடம் முதல் அதற்குப் பதிலாகத் தேர்தல் வேலை பார்க்கலாமாம். உடனே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபத்தாறு வருடம் உன்மேல் தீர்ப்புச் சொல்லித்தானே உன்னை ஏப்ரலில் பெட்டியோடு கிளப்பினேன். ஊராராவது பிழைக்கட்டும்.

உன் பெயர் இருக்கும் வாக்காளர் பட்டியல் என் மேசையில்தான். கூடப்பிறந்தவனே வந்தாலும் பெயர், முகவரி கேட்க வேண்டும். அவன் உரக்கச் சொல்ல வேண்டும். பட்டியலில் நீ இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறாய். அதைப் பார்த்ததும் அடுக்களையில் யாரோ காபி கலக்குவது போலிருந்தது.

திரும்பி வருவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அரசாங்கமே கேட்கட்டும்.

உன் வாயாடி,
டார்லீன்

அக்டோபர் 21

டார்லீன்,

குளிருகிறது. ஓட்டுப் போட வருவேன். என்ன சொல்வேனென்று எனக்கே தெரியவில்லை. நீ சிரிக்காமல் கேள்.

மெர்ல்

நவம்பர் 5, மதியம்

மெர்லுக்கு,

சாப்பாட்டு நேரத்தில் எழுதி, பெர்னடீனின் தங்கையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

காலையில் எங்கள் ஓட்டுச்சாவடியான தீயணைப்பு நிலையத்தின் வாசலில், மூடுபனிக்குள் வண்டிகள் சிவப்பாக மிதந்துகொண்டிருந்தன. அதற்குள்ளிருந்து நீ வந்தாய். நம் கல்யாணச் சட்டையா அது?

"உங்க பேரு?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"சொல்லுங்க சார், பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"மெர்ல் ஹோட்டவி. பதினாலு, ஆல்டர் தெரு."

"இப்பவும் அங்கதான் குடியிருக்கீங்களா?"

நீ தொப்பியைக் கழற்றினாய். "இல்ல."

பெர்னடீன்தான் எங்கள் சாவடிக்குத் தலைவி. "எட்டு மணி வரைக்கும் தெறந்திருக்கும்ப்பா. எங்க இருக்கேன்னு முடிவு பண்ணிட்டு வா," என்றாள். வரிசையே சிரித்தது. நீ பனிக்குள் கரைந்து போனாய்.

பொய் சொல்லியிருந்தால் உன் பெயரைப் பட்டியலிலிருந்தே அடித்திருப்பேன். சொல்லாததற்கு நன்றி. நீ இருப்பது மாடி முகவரிதான் என்றால் அதற்குத் தனிப் படிவம், ஓட்டுச் சீட்டுக்குத் தனி உறை. வந்து வாங்கிக்கொள். அழமாட்டேன், பட்டியலில் மை கலைந்துவிடும்.

டார்லீன்

நவம்பர் 5, மாலை
நம் அடுக்களை மேசை

டார்லீன்,

பனியில் பெட்டியோடு நம் வீட்டை இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டேன். மூன்றாவது தடவை கால் தானாக நின்றது. பூட்டை நீ மாற்றவில்லை.

பெட்டியைப் பிரித்துச் சட்டைகளை மாட்டிவிட்டேன். மணி ஏழு. இதோ, உன் மேசைக்குக் கிளம்புகிறேன். காலையில் கேட்டதையே நீ கேட்பாய். ஓட்டுப் பெட்டிகளுக்கு முத்திரை வைத்து நீ வர நேரமாகும். இதைப் படிக்கும்போது, உன்னிடம் உரக்கச் சொன்ன முகவரியில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

மெர்ல்