கண்ணாடிக்குள் ஒரு பச்சைத் திட்டு

12 ஜூன் 2025, வியாழன்
அடையாறு கண்காட்சிக்கான படங்களை ஸ்கேன் செய்து முடித்தேன். எல்லாம் பெண் பிள்ளைகள். கல்லில் கண்ணாடி பிடித்தவள், தஞ்சாவூர்ப் படத்தில் பூக்கூடைக்காரி, காலண்டரில் கிளிக்காரி. எந்தக் காலத்துப் படமானாலும் பார்வை தரையில்தான். அங்கே அப்படி என்னதான் கிடக்கிறது? ஒருத்திக்காவது முட்டியில் காயம் உண்டா? சின்ன வயதில் அக்கா முட்டி எப்போதும் தோல் உரிந்தேதான் இருக்கும்.

கண்காட்சி நடத்தும் குருபிரசாத் சார் கடைசிச் சுவருக்கு ஸ்டுடியோ படம் ஒன்று கேட்கிறார். பொன்மணி அக்காவின் பூ ஜடைப் படம் இருக்கிறதே! வயசுக்கு வந்த வாரம், ஜடை தெரிய முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வைத்து, மயிலாப்பூரில் எடுத்தது. 2015 வெள்ளத்தில் தப்பிய ஒரே சின்ன வயதுப் படம். கேட்டால் திட்டுவாள்.

14 ஜூன்
திட்டினாள். "அந்தக் கருமத்தையா மாட்டப் போற? தலைய குனி, தலைய குனின்னு அந்த ஸ்டுடியோக்காரன் உசுர எடுத்தான்."
ஆனாலும் கொடுத்தாள். "கிளீன் பண்ணிக் காட்டு. அப்பால சொல்றேன்."

15 ஜூன்
படம் முழுக்கப் பூஞ்சை. ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டேன். கண்ணாடிக்குள் பச்சையாக ஒரு பெரிய திட்டு, அதையும். சுத்தமான வேலை.

17 ஜூன்
அக்கா வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "பந்து எங்கடா?"
"இன்னா பந்து?"
"கம்ப்யூட்டர் இன்ஜினியராம் இவரு! பின்னாடி கையில வெச்சிக்கினு நின்னேன்ல. கண்ணாடில தெரியும்டா!"

அந்தப் பச்சை — எங்கள் டென்னிஸ் பந்து. அதை ஒளித்துக்கொண்டுதான் தலை குனிந்து நின்றிருக்கிறாள். அந்த வாரத்தோடு அவள் தெருவில் கிரிக்கெட் ஆடுவது நின்றது. மந்தைவெளிச் சந்தில் அப்புறம் எனக்குப் பந்து போட ஆளே இல்லை. அவள் பிடித்து வைத்திருந்த ஒன்றே ஒன்று, அதைப் போய் பூஞ்சைன்னு அழிச்சிருக்கேன். எனக்கெல்லாம் கண்ணு எதுக்கு? நல்லவேளை, முதல் ஸ்கேன் அப்படியே இருக்கிறது.

"மாட்டிக்கோ. ஆனா மூஞ்சி வேணாம். கண்ணாடிய மட்டும் பெருசா போடு."

20 ஜூன்
மாட்டியாயிற்று. தாழம்பூ, குஞ்சலம், அதன் கீழே இறுக்கிப் பிடித்த பந்து. பூஞ்சையில் கை வைக்கவில்லை.
"கிளீன் பண்ணலையாப்பா?" என்றார் சார்.
"பண்ணக் கூடாது சார்."

22 ஜூன், ஞாயிறு
காலை, திருவான்மியூர் கடற்கரை ரோடு. ஸ்டம்புக்கு என் செருப்பு. அக்கா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்து போட்டாள். தூக்கி அடித்தேன். பாய்ந்து பிடித்து, ரோட்டிலேயே விழுந்தாள்.
"அவுட்டு!"
பந்து கீழே பட்டதுதான் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. சுடிதார் கிழிந்து முட்டி உரிந்திருந்தது. எழுந்திருக்காமல், பந்தைக் காட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.
"இப்ப எடுடா படம்."