மச்சானின் அம்பிளிபையர்

யூலை 14, திங்கள்

சோளகக் காற்று இன்னும் விடவில்லை. கடை முழுக்கப் புழுதி. இரண்டு இன்வேட்டர், ஒரு ரிவி, திருத்திக் கொடுத்தாயிற்று. வாங்க: பற்றவைக்க ஈயம், பாண், மாமிக்குக் கால்நோத் தைலம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால் நல்ல செய்தி. மச்சானின் அம்பிளிபையர் படுத்துவிட்டது.

மச்சான் என்றால் என் மனுசி மலருக்கு மச்சான், எனக்கில்லை. அவளுடைய தாய்மாமன் மகன் சுதா. ரொறன்ரோவில் இருந்து லீவில், கிற்றாரும் கையுமாக வந்து இறங்கி, முன்னறையில் குடியேறியிருக்கிறான். பின்னேரமானால் கச்சேரி. எப்போது போகிறாய் என்று கேட்க எனக்கு வாயில்லை. வீடு மலரின் சீதனம்.

"அண்ணை, சத்தம் நல்லாக் குறைஞ்சு போச்சு. கரகரக்குது. ஒருக்காப் பாக்கிறியளோ?"

அண்ணையாம்.

மலர் முந்திக்கொண்டாள்: "இவர் கை வைச்சால் சரிவரும், மச்சான்."

அந்த 'மச்சான்' எவ்வளவு இனிப்பாக வருகிறது. கலியாணம் கட்டி இத்தனை வருடம், எனக்கு 'இஞ்சாருங்கோ' தான்.

யூலை 15, செவ்வாய்

வெயில். கடையில் சனமில்லை. அம்பிளிபையரைத் திறந்தேன்.

கனடாச் சாமான், 120 வோல்ற். நேராக எங்கள் 230இல் குத்தி எரித்திருப்பான் என்று ஆசை ஆசையாகப் பார்த்தேன். இல்லை. ஒழுங்காக ரான்ஸ்போமர் போட்டுத்தான் பாவித்திருக்கிறான். மடையனாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம்.

ஸ்பீக்கர் சரி. பெரிய சப்ளை சரி. முன்பகுதி ஐசிகளுக்குப் போகிற சின்ன சப்ளையில்தான் கோளாறு. பிளஸ் 15 நிற்கிறது. மைனஸ் 15 நிற்க வேண்டிய இடத்தில் மைனஸ் 4. சப்ளை கொடுக்கவில்லையா, அல்லது யாரோ இழுத்து விழுத்துகிறார்களா? நல்ல காலம், ஐசி நாலும் சொக்கற்றில். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மீற்றரைப் பார்த்தேன். மூன்றாவதைக் கழற்ற, ஒரே பாய்ச்சலில் 15. அதுதான் கள்ளன். தானும் வேலை செய்யாமல், மற்ற மூன்றையும் பட்டினி போட்டிருக்கிறது.

அதே ஐசி என் மேசை லாச்சிக்குள் ஒரு பிடி கிடக்கிறது. பத்து நிமிட வேலை.

வீட்டில் போய்ச் சொன்னது: "சாமான் கொழும்பிலையிருந்து வரவேணும். கிழமைக்கு மேலை செல்லும்."

சுதாவின் முகம் சுருங்கிப்போனது. பார்க்க நன்றாக இருந்தது. எழுதவும் நன்றாகத்தான் இருக்கிறது.

யூலை 17, வியாழன்

அமைதியான வீடு. கத்தரிக்காய்க் குழம்பு, இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

கை கழுவப் போகும்போது குசினிக்குள் மாமி, பக்கத்து வீட்டு அக்காவிடம்: "மலருக்கும் சுதாவுக்கும் கலியாணப் பேச்சு இருந்தது தானே. அவன் கனடாவுக்கு வெளிக்கிட்டுட்டான். பிறகு தான் இவர் அம்பிட்டார்."

அம்பிட்டேனாம். பஸ்ஸுக்குள் கிடந்த குடை மாதிரி.

மலரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என்ன சொல்வாளோ என்ற பயம்.

யூலை 19, சனி

பெரிய பிழை விட்டுவிட்டேன்.

அம்பிளிபையர் வேலை செய்த நாளில் மலர் குசினியில் நின்றபடியே கேட்பாள். இடையில் இரண்டு சுவர். இப்போது அது இல்லை, வெறும் கிற்றார் நுளம்பு மாதிரித்தான் முனகும். இன்று வேளைக்கே கடையைப் பூட்டிக்கொண்டு வந்தால், முன்னறையில் கதிரையை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் இருக்கிறாள். தலை குனிந்து, அவன் கையையே பார்த்தபடி. முழங்கால் முட்டாத குறை.

"உவ்வளவு கிட்ட இருந்து என்ன கேக்கிறாய்?"

"கிட்ட இருந்தால் தானே கேக்குது. நீங்கள் கெதியாச் சாமானை எடுப்பிச்சுத் தாங்கோவன்."

நியாயமான பதில். அதுதான் இன்னும் எரிகிறது. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

இரவுச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன்.

யூலை 20, ஞாயிறு

தேத்தண்ணியும் குடிக்காமல் கடைக்கு. ஐசியை மாற்றினேன். மைனஸ் 15 வந்தது. ஆனாலும் கண்ணில் ஒன்று குத்தியது. அந்தச் சப்ளைக்கான ரெசிஸ்ரர் சூட்டில் கறுத்து, கீழே சேர்க்கிட் பலகையும் கருகி, ஈயம் வெடித்திருந்தது. அப்படியே விட்டிருக்கலாம், ஒரு மாதத்தில் திரும்பப் படுத்திருக்கும். மனம் கேட்கவில்லை. தொழில் வேறு, வயிற்றெரிச்சல் வேறு. பெரியதாக ஒன்று எடுத்து, பலகையில் முட்டாமல் உயர்த்திப் போட்டேன். புது ஈயம்.

வீட்டில் போட்டுக் காட்ட, சத்தம் சண்டிலிப்பாய்ச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஞாயிற்றுக்கிழமையும் கூரியர் வருதோ?" மலர்தான். சிரிக்கவில்லை.

"பஸ்ஸிலை போட்டு விட்டவங்கள்."

"ம்."

சுதா கட்டிப்பிடித்தான். "அண்ணை, அங்கை எண்டால் எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கு எண்டு தான் சொல்லுவாங்கள்." உண்மையாகவே சொன்னான். பெருமையாக இருந்தது. அவனிடம் பெருமைப்பட்டதே பிறகு எரிச்சல்.

இனி மலர் எழும்பிக் குசினிக்குப் போவாள் என்று நின்று பார்த்தேன். போகவில்லை.

யூலை 23, புதன்

காற்றுக் குறைவு. காலையில் எயார்போட் வான் வந்தது. சுதா போய்விட்டான். பெட்டி முழுவதையும் நானே ஏற்றினேன், உள்ளுக்குள் திருவிழா.

"கிற்றாரை விட்டிட்டுப் போறாய்."

"அது மலர் மச்சாளுக்கு, அண்ணை. அம்பிளிபையரும் தான். பக்கத்திலை இருந்து பாத்தே விரல் வைக்கப் பழகிட்டா. பழுதானாலும் பயமில்லை, வீட்டிலையே ஆள் இருக்கு."

பழகத்தான் கிட்ட இருந்தாளாம். பழக ஆசை என்று என்னிடம் சொல்லவேயில்லை. அவனுக்குச் சொல்லியிருக்கிறாள்.

கடைக்குப் போகவில்லை. இப்போது பின்னேரம். முன்னறையில் மலர். அவன் வாசித்த அதே மெட்டு. அவன் தயங்குகிற இடத்தில் அவளும் தயங்குகிறாள்.

"இஞ்சாருங்கோ, சத்தம் கூடவோ?"

"இல்லை" என்றேன்.

ஐசி புதிது. ரெசிஸ்ரர் பெரிது. ஈயம் சுத்தம். பத்து வருடத்துக்கு அசையாது.