தண்ணி காட்டின குழல்

என்னங்க, என் ராசா,

உங்ககிட்ட ஒரு தப்பை ஒத்துக்கத்தான் எழுதுறேன். உங்க மூங்கில் குழலை நான் வெடிக்க விட்டுட்டேன்.

உங்க பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள், தீட்டுப் போக வீட்டையே கழுவினோம். பாய், தலையணை உறை, பாத்திரம் எல்லாம் மொட்டை மாடிக்குப் போச்சு. உங்க அக்கா குழலை எடுத்து நீட்டி, "எச்சி பட்ட சாமான்டி, இத்தயும் கய்வி வெய்யி"ன்னாங்க. அப்போ என் புத்தி எங்கே போச்சு? மஞ்சத் தண்ணியில முக்கி, சோப்பு போட்டுத் தேய்ச்சு, பட்டப்பகல் வெயில்ல வெச்சேன்.

மாசம் தவறாம அதுக்கு எண்ணெய் விடுவீங்களே. கம்பியில துணியைச் சுத்தி, பாதாம் எண்ணெயில நனைச்சு, குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி பதமா உள்ளே விடுவீங்க. "என் தலைக்குத் தேங்காய் எண்ணெய், மூங்கிலுக்குப் பாதாம் எண்ணெயா?"ன்னு வம்பிழுப்பேன். "தண்ணி மட்டும் காட்டாத வனஜா, தாங்காது"ம்பீங்க. எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க?

சாயந்திரம் போய்ப் பார்த்தா, வாய் வைக்கிற துளையிலிருந்து மயிரிழையா ஒரு விரிசல். முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்துச்சு. கல்யாணம் ஆன நாள்லருந்து நீங்க சாப்பிட்ட தட்டுலயே சோறு போட்டுத் தின்னவ நான். உங்க எச்சிலைப் போய்த் தீட்டுன்னு கழுவினேனே, இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

கொரட்டூர்ல குழல் சரிபண்றவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். விரிசல்ல பசை விட்டு, மேலே நூலை இறுக்கிச் சுத்தினார். காத்து கசியுதான்னு பார்க்க வாய்கிட்ட கொண்டுபோனார். சட்டுன்னு அவர் கையைப் பிடிச்சுட்டேன்.

"ஊதாம எப்டிம்மா தெரியும்?"

"தெரிய வேணாம், குட்த்துடுங்க."

அவர் குழலைத் துணியில சுத்தி என் கையில கொடுத்தார். "பொட்டில பூட்டி வெச்சுகினா காஞ்சி மறுபடி வெடிக்கும்மா. மூச்சு பட்டுகினே இருக்கணும். யார்னா ஊதணும்."

யாராவதுன்னா யாருங்க?

நேத்து கதவைச் சாத்திக்கிட்டு நானே வாயில வெச்சேன். வெறும் காத்துதான் வந்துச்சு. திரும்பத் திரும்ப ஊதினேன். தலை சுத்துச்சு, அழுகை வந்துச்சு, சத்தம் மட்டும் வரவேயில்லை. அப்புறம் நீங்க செய்யிற மாதிரியே துணி விட்டு ஈரத்தைத் துடைச்சு வெச்சேன்.

இனிமே தினமும் ஊதுவேங்க. பாட்டு வராது, தெரியும். இன்னொருத்தர் வாய்க்குக் கொடுக்க எனக்கு மனசு வரலை, காய விடவும் முடியலை. என் மூச்சு இருக்கிற வரைக்கும் அதுல மூச்சு இருக்கும்.

உங்க பொண்டாட்டி,
வனஜா